நிலவறைக்கு மேலே ஏறிப் போகிற ஊர்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தில், கோடை மாலையில் யாரையாவது நிறுத்தி எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் "அவ்ஃப் டென் கெல்லர்". கெல்லர் என்றால் நிலவறை. நிலவறைக்குள் இறங்கித்தானே போக வேண்டும்? வழக்கமான ஜெர்மனிலும் "உள்ளே" என்று பொருள்படும் சொல்தான் அங்கே வரும். இந்தப் பகுதிக்காரர்கள் மட்டும் நிலவறைக்கு "மேலே" போகிறோம் என்கிறார்கள். ஸ்டெஃபான்ஸ்பெர்க் குன்றின் மேல் ஏறி, மரநிழலில் போட்ட நீளமான பெஞ்சில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, இதைவிடச் சரியாக அதைச் சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது.

பாம்பெர்க் பவேரியா மாநிலத்தின் வடக்கே, ஃபிராங்கோனியா என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கிறது. நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1007இல், பின்னாளில் பேரரசரான அரசர் இரண்டாம் ஹைன்ரிக் இங்கே ஒரு மறைமாவட்டத்தை நிறுவினார். அதன் பிறகு ஏறக்குறைய 800 ஆண்டுகள் இது ஆயர்கள், அதாவது பிஷப்புகள், ஆண்ட ஊர். ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவில், செயற்கைத் தீவில் கட்டிய பழைய நகர மன்றம், ஏழு குன்றுகள், நான்கு கோபுரத் தேவாலயம் என்று பார்க்க நிறைய உண்டு. 1993இல் பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நான் பேச வந்தது இதைப் பற்றியல்ல. பாம்பெர்க் பீர் என்றதும் "புகை வாசம் அடிக்கும் விசித்திரமான பீர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். பாம்பெர்க்கில் இன்று விசித்திரமாகத் தெரிவது எல்லாமே ஒரு காலத்தில் ஐரோப்பாவில் அன்றாட வழக்கமாக இருந்தவைதான். மற்ற ஊர்கள் அவற்றை விட்டுவிட்டன, இந்த ஊர் விடவில்லை. அப்படிப் பார்த்தால்தான் இந்த மதுவிடுதிகளும் கெல்லர்களும் புரியும்.

முதலில் நிலவறையை எடுத்துக்கொள்வோம். பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று சாதாரண வெப்பத்தில் மேலே நுரைத்துக்கொண்டு சில நாளில் வேலையை முடித்துவிடும். இன்னொன்று அடியில் தங்கி, சுமார் 10 டிகிரிக்குக் கீழே, மெதுவாகப் புளிக்கும். அப்புறம் வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். நாம் லாகர் என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான், அந்தச் சொல்லுக்கே கிடங்கில் வைத்தல் என்றுதான் பொருள். தென் ஜெர்மனியில் இதுவே வேரூன்றியது. இன்றைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கார்ல் ஃபொன் லிண்டே 1870களில் மியூனிக்கின் ஒரு பீர் ஆலையோடு சேர்ந்து குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கும் வரை, கோடையில் குளிரை எங்கே போய்த் தேடுவது? பவேரியாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே செப்டம்பர் 29க்கும் ஏப்ரல் 23க்கும் இடையில் மட்டும்தான் பீர் காய்ச்சலாம் என்று சட்டம் போட்டார்கள், ஏனென்றால் கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும். மார்ச்சில் கொஞ்சம் வலுவாகக் காய்ச்சி, கோடை முழுக்கத் தாங்கும்படி வைத்த பீருக்கு மார்ட்ஸென் என்றே பெயர் வந்தது. பாம்பெர்க் அப்போது பவேரியாவில் இல்லை, ஆயர் ஆட்சியில் இருந்தது. ஆனாலும் வெயிலும் ஈஸ்ட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே.

அதனால் பாம்பெர்க்காரர்கள் குன்றைக் குடைந்தார்கள். இங்கே குன்றுகள் மணற்கல், குடைவதும் எளிது, குடைந்தால் நிற்கவும் நிற்கும். சுரங்கத்துக்குள் பீப்பாய்களை அடுக்கி, குளிர்காலத்தில் குளங்களிலிருந்து வெட்டிய பனிக்கட்டியையும் உள்ளே வைத்தார்கள். அடுத்து அந்த மண்ணின் மேல் வெயில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக மேலே மரம் நட்டார்கள்: லிண்டன், செஸ்ட்நட். செஸ்ட்நட்டைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் இலை கை விரித்த மாதிரி அகலம், நிழல் அடர்த்தி. வேரோ ஆழம் போகாமல் பக்கவாட்டில் படரும், கீழே இருக்கும் கூரையைப் பிளக்காது. இப்போது பாருங்கள், கோடைக்காலம், ஊரெல்லாம் புழுக்கம், குன்றின் மேல் அடர்ந்த நிழல், அதற்கு நேர் கீழே சில்லென்ற பீர். அதைக் கீழே ஊருக்கு இறக்கிக்கொண்டு போய் விற்பதைவிட இங்கேயே நாலு பெஞ்சைப் போட்டு ஊற்றிக் கொடுப்பது மேல் என்று யாருக்குத்தான் தோன்றாது? இப்படித்தான் பீர் தோட்டம் பிறந்தது. முதலில் வந்தது சேமிப்புக் கிடங்கு. அதைக் குளிர்ச்சியாக வைக்க நட்ட மரத்தடியில்தான் தோட்டம் வந்தது.

பீர் தோட்டத்துக்குச் சொந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பார்கள். அது மியூனிக் கதை. அங்கே பீர் ஆலைக்காரர்கள் நிலவறை வாசலில் விற்கத் தொடங்கியதும் ஊருக்குள் இருந்த விடுதிக்காரர்களின் வியாபாரம் படுத்துவிட்டது, அவர்கள் போய் முறையிட்டார்கள். 1812 ஜனவரியில் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசப் ஒரு சமரசம் செய்தார்: கோடை மாதங்களில் நிலவறை மேல் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக்கூடாது. பசித்தவர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். தடை போன பிறகும் பழக்கம் நிலைத்துவிட்டது. 1995இல் தோட்டங்களைச் சீக்கிரம் மூடச் சொன்ன உத்தரவை எதிர்த்து மியூனிக்கில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அதன் தொடர்ச்சியாக 1999இல் பவேரிய அரசு கொண்டுவந்த விதிமுறை, சொந்தச் சாப்பாடு கொண்டுவர முடிவதை பீர் தோட்டத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

ஃபிராங்கோனியாவின் கெல்லர்களிலும் இந்தப் பழக்கம் பரவலாக உண்டு. எங்கள் மாதிரி சைவக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. இந்தப் பகுதிச் சமையலில் உருளைக்கிழங்கு உருண்டை என்று ஆசையோடு வாங்கினால் அதன் மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றித் தந்துவிடுவார்கள். வெங்காயம் என்று வாங்கினால் உள்ளே இறைச்சி அடைத்திருக்கும். கெல்லருக்கு நாங்கள் ஒரு தடவை எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் பிரித்து வைத்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் மரப்பலகையை எடுத்து வைத்து, முள்ளங்கியை மெல்லிய சுருளாகச் சீவி உப்பு தூவிக்கொண்டிருந்தது, பாட்டி வெண்ணெய் தடவிக் கொடுக்க, பிள்ளைகள் சரளைக்கல்லில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கரண்டி சாதம் அங்கே போனது, கொஞ்சம் முள்ளங்கி இங்கே வந்தது. பார் என்ற சொல் இந்த இடத்தைப் பற்றித் தப்பான படத்தைத்தான் கொடுக்கும். ஆனால் எல்லா இடத்திலும் சொந்தச் சாப்பாட்டை விடமாட்டார்கள், நுழையும் இடத்தில் பலகை இருக்கும், இல்லாவிட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேசை விரிப்பு போட்டிருந்தால் அது பரிமாறும் பகுதி, அங்கே டப்பாவைத் திறக்கக்கூடாது.

பாம்பெர்க்குக்குள்ளேயே போக வேண்டும் என்றால் ஸ்பெட்ஸியால் கெல்லர். ஸ்டெஃபான்ஸ்பெர்க்கின் சரிவில் இருக்கிறது, ஊர் முழுவதும் எதிரே தெரியும், தேவாலயத்தின் நான்கு கோபுரங்களும் மிக்கேல்ஸ்பெர்க் மடமும் ஒரே பார்வையில். அதே குன்றில் வில்ட ரோஸ கெல்லர், மரக்கூட்டம் இன்னும் அடர்த்தி. கிரைஃபன்க்ளாவ் ஆலையின் பின்பக்கத் தோட்டத்தில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கைத் தாண்டி ஆல்டன்பூர்க் கோட்டை. இங்கே பீர் கேட்பதற்கு "சைட்லா" என்பார்கள், அரை லிட்டர். பல இடங்களில் சாம்பல் நிறச் சுட்ட மண் குவளையில் வரும். "உங்கெஷ்புண்டெட்" என்ற சொல்லைப் பட்டியலில் பார்த்தால் தயங்காமல் வாங்குங்கள். பீப்பாயின் அடைப்பை இறுக்காமல் விட்டு முதிர வைத்தது என்று பொருள். வாயு வெளியேறிவிடுவதால் தொண்டையைக் குத்தாது, மெல்லிய கசப்போடு வழுக்கிக்கொண்டு இறங்கும். வுண்டர்பூர்க் பகுதியில் இருக்கும் மார்ஸ் ஆலையில் இதைக் கேட்க முழுப் பெயரையும் சொல்லவே வேண்டாம், "ஆ ஊ" என்றால் போதும், அதாவது "ஒரு உ".

சரி, புகைக்கு வருவோம். பார்லியை நனைத்து முளைகட்டி, முளை மேலும் வளராமல் சூட்டில் உலர்த்தினால் அதுதான் மால்ட். எந்த பீருக்கும் இதுதான் அடிப்படை. உலர்த்தச் சூடு எங்கிருந்து வரும்? வெயில் நிறைய இருக்கும் நாட்டில் வெயிலில் காயவைக்கலாம். வட ஐரோப்பாவின் ஈரக் குளிர்காலத்தில் அடுப்பு மூட்டித்தான் ஆக வேண்டும். விறகு எரியும், புகை மேலே ஏறும், தட்டில் பரப்பிய முளைப்பார்லிக்குள் புகுந்து வெளியே போகும். அப்படி உலர்த்திய மால்ட்டில் புகை ஏறாமல் எப்படி இருக்கும்? பல நூற்றாண்டுகளாகப் புகை வாசம் என்பது பீரின் பொதுவான குணம். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் புகையில்லாத கரியைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். பிறகு தீயைத் தனியாக வைத்துச் சூடான காற்றை மட்டும் அனுப்பும் சூளைகள் பரவின. மால்ட் சுத்தமாக வந்தது, செலவும் குறைந்தது, ஐரோப்பா முழுவதும் புகை மறைந்தது. விட்டுப்போன சில இடங்கள் மட்டும் மிஞ்சின: போலந்தின் கிரோட்சிஸ்க், நார்வேயின் ஸ்டியோர்டால், அப்புறம் பாம்பெர்க்.

பாம்பெர்க்கில் இரண்டே ஆலைகள், ஷ்லெங்கர்லாவும் ஸ்பெட்ஸியாலும், இன்றும் பீச் என்ற மரத்தின் விறகை எரித்துத் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் உலர்த்துகின்றன. இந்த பீருக்கு ரௌக்பியர் என்று பெயர், நேரடியாகவே "புகை பீர்". முதல் தடவை குடிப்பவர்கள் பலர் பன்றி இறைச்சி வாசம் என்பார்கள். அந்த நாட்டில் ஹாம் என்கிற இறைச்சியையும் பீச் விறகுப் புகையில்தான் பதப்படுத்துகிறார்கள், மூக்கு இறைச்சியை நினைவுபடுத்திக்கொள்வது அதனால்தான். பீரில் இறைச்சி எதுவும் கிடையாது. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட், அவ்வளவுதான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பவேரியாவின் புகழ்பெற்ற பீர் தூய்மைச் சட்டம் 1516இல் வந்தது; பாம்பெர்க்கின் ஆயர் அரசர் அதற்கு 27 ஆண்டு முன்பே, 1489இல், மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். புகை தனியாகச் சேர்க்கும் பொருளல்ல, மால்ட்டோடு வருவது. அதனால் எந்தச் சட்டமும் அதைத் தொடவில்லை.

ஷ்லெங்கர்லா தேவாலயக் குன்றின் அடிவாரத்தில் டொமினிக்கன் தெருவில் இருக்கிறது. அந்த வீட்டைப் பற்றிய முதல் ஆவணக் குறிப்பு 1405. "ஷ்லெங்கர்ன்" என்றால் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நடப்பது. முன்பு இந்த வீட்டை நடத்திய ஒருவரின் நடையை வைத்து ஊர்க்காரர்கள் போட்ட பெயர், கடைசியில் வீட்டுக்கே ஒட்டிக்கொண்டது. பழைய அறையில் கூரை உத்தரங்கள் கறுத்துப்போய்க் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். பீர் இப்போது காய்ச்சப்படுவது இங்கே அல்ல, ஸ்டெஃபான்ஸ்பெர்க்கில், பழைய நிலவறைகளுக்கு மேலேயே. அங்கிருந்து ஓக் பீப்பாய்களில் இறங்கி வருகிறது. பரிமாறும் மேடையில் பீப்பாய் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒன்று காலியானதும் அடுத்ததை உருட்டி வந்து, பித்தளைக் குழாயை வாயில் வைத்து, மரச்சுத்தியலால் இரண்டு மூன்று அடி. குழாய் உள்ளே போகும் நொடியில் கொஞ்சம் சீறும், அதோடு சரி. வாயு அழுத்தம் எதுவும் கிடையாது, தன் எடையிலேயே ஊற்றும். கண்ணாடிக் குவளையை விளக்குக்கு நேரே பிடித்தால் கறுப்பு இல்லை, விளிம்பில் அடர் சிவப்பு. முதல் வாயில் புகைதான் எல்லாம். பாதிக் குவளையில் புகைக்குப் பின்னாலிருந்து மால்ட்டின் இனிப்பு எட்டிப்பார்க்கும். இரண்டாவது குவளையில் புகையை மூக்கு மறந்தேவிடும், அப்போதுதான் இது நல்ல மார்ட்ஸென் என்பது தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்து வைத்துவிடுபவர்களைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அவர்கள் முதல் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதே ஆலையில் புகை மால்ட் சேர்க்காத வெளிர் பீரும் உண்டு, ஆனால் அதே பாத்திரம், அதே ஈஸ்ட் என்பதால் அதிலும் ஒரு நூல் புகை இருக்கும். தயக்கம் உள்ளவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

புகையில் ஸ்பெட்ஸியால் இன்னும் மென்மை. அங்கே முதலில் போய்விட்டு அப்புறம் ஷ்லெங்கர்லாவுக்கு வருவதுதான் சரியான வரிசை என்று சொல்வேன். ஸ்பெட்ஸியால் 1536இலிருந்து, ஓபர கோனிக் தெருவில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். நேர் எதிரே ஃபெஸ்லா, 1649, முப்பதாண்டுப் போர் முடிந்த மறு ஆண்டு தொடங்கியது. ஃபெஸ்லா என்றால் குட்டிப் பீப்பாய், அங்கே புகை கிடையாது. வாசலைத் தாண்டியதும் நம் பழைய வீடுகளின் ரேழி மாதிரி ஒரு நடை இருக்கிறது, இங்கே அதற்கு ஷ்வெம் என்று பெயர். சுவரில் ஒரு சிறு ஜன்னல், அதில் பீரை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று குடிப்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்றே ஒன்று குடித்துவிட்டுக் கிளம்பும் ஆட்களின் இடம் அது. உட்கார்ந்தால் நேரம் போய்விடும் என்கிற கணக்கு. ஊரின் வேறு பகுதியில், வுண்டர்பூர்க்கில், மார்ஸும் கீஸ்மனும் இதே போல எதிரெதிர். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆலை, அந்தப் பக்கம் ஒரு ஆலை, இரண்டும் பிழைக்கின்றன. எதிர்க்கடையில் கிடைக்காத ஒன்றை ஒவ்வொன்றும் வைத்திருப்பதால்தான் இது நடக்கிறது.

இவ்வளவு ஆலைகள் எப்படி மிஞ்சின? ஓபர்ஃபிராங்கன் என்னும் இந்த மாவட்டப் பகுதியில் சுமார் 10 லட்சம் பேருக்கு 150க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன, மக்கள் தொகைக்கு இந்த விகிதம் உலகில் வேறெங்கும் காண்பது அரிது. ஒரு காரணம் போர். நியூரம்பெர்க்கின் பழைய நகரம் 1945 ஜனவரியில் குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்தது, பாம்பெர்க் அநேகமாகத் தப்பியது. வீடு தப்பினால்தான் வீட்டுக்குள் இருக்கும் ஆலையும் தப்பும். இன்னொன்று, ஆலை, விடுதி, வீடு மூன்றும் ஒரே குடும்பத்தின் கையில், ஒரே கூரையின் கீழ் இருப்பது. புட்டிகளை லாரியில் ஏற்றி நாடெல்லாம் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை, தங்கள் மேசையிலேயே பாதிக்கு மேல் விற்றுவிட்டால் இடைத்தரகருக்குக் கொடுக்க வேண்டாம், விளம்பரம் வேண்டாம். என் கணிப்பில் இதுதான் முக்கியக் காரணம். பெரிதாக வளர்ந்து வெளியூர்ச் சந்தையில் மோதிய ஆலைகளுக்குத்தான் இங்கே சிக்கல் வந்திருக்கிறது. பாம்பெர்க்கின் மைசல் ஆலை 2008இல் மூடிவிட்டது.

மூன்றாவது, ஊர்க்காரர்களின் உரிமை உணர்வு. 1907இல் ஆலைக்காரர்கள் ஒன்று சேர்ந்து சைட்லாவுக்கு ஒரே ஒரு ஃபெனிக், அதாவது அந்தக் காலத்துச் சில்லறைக் காசு, விலையை ஏற்றினார்கள். ஊர் மொத்தமும் குடிப்பதை நிறுத்தியது. பக்கத்து ஊரான ஃபோர்க்ஹைமிலிருந்து பழைய விலைக்கு பீர் வரவழைத்துக் குடித்தார்கள், உள்ளூர் விடுதிகள் காலியாகக் கிடந்தன. விரைவிலேயே விலை பழையபடி இறங்கியது. பீர் யுத்தம் என்று இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஜெர்மனி முழுவதும் பீர் குடிப்பது குறைந்துகொண்டே வரும் இந்தக் காலத்திலும் இந்த மேசைகள் நிறைகின்றன என்றால் அந்த உணர்வுக்கும் அதில் பங்குண்டு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும், அட்டை வாங்காத இடங்கள் உண்டு. "ஷ்டாம்டிஷ்" என்று எழுதிய மேசை வாடிக்கையாளர்களுக்கானது, அங்கே உட்காராதீர்கள். மற்ற மேசைகளில் இடம் இருந்தால் ஏற்கனவே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உட்காரலாம், அதுதான் வழக்கம். குவளைக்குக் கீழே இருக்கும் அட்டையில் ஒவ்வொரு பீருக்கும் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள், அதுதான் உங்கள் கணக்கு, தொலைக்காதீர்கள். திறக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இவை குடும்பங்கள் நடத்தும் வீடுகள், வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், சில இடங்கள் மாலையிலேயே அடைத்துவிடும். கெல்லர்கள் நல்ல வெயில் நாளில்தான் திறக்கும், மழை என்றால் இல்லை. நேரம் இருந்தால் மிக்கேல்ஸ்பெர்க் மடத்தின் பழைய பீர்க்கூடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் போங்கள், நிலவறைக்குள் இறங்கிப் பார்க்கலாம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ரயிலில் புட்டன்ஹைம். ஜீன்ஸ் தைத்துப் புகழ்பெற்ற லீவை ஸ்ட்ராஸ் 1829இல் பிறந்த கிராமம் அது, அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கேயும் இரண்டு ஆலைகள் இருக்கின்றன.

நான் போவது பெரும்பாலும் அக்டோபரில். கெல்லர்கள் ஒவ்வொன்றாக மூடும், செஸ்ட்நட் காய்கள் சரளையில் விழுந்து கிடக்கும், பெஞ்சுகளை மடக்கி அடுக்கிவிடுவார்கள். அதே வாரங்களில் கீழே ஊருக்குள் ஒவ்வொரு ஆலையும் ஒரு நாளைக் குறித்து வைத்து, குளிர்காலத்துக்கான வலுவான பாக் பீரின் முதல் பீப்பாயைத் திறக்கும். அன்று மாலை வாசலில் இடம் இருக்காது. கோடை முழுவதும் குன்றின் மேல் பார்த்த முகங்களே கோட்டு போட்டுக்கொண்டு ரேழியில் தோளோடு தோள் நின்றுகொண்டிருக்கும், உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்கும்.